ரேங்க் கார்டு வீட்டுக்கு வந்தால்: பெற்றோருக்கு ஒரு முழு வழிகாட்டி

காலாண்டு லீவு முடிந்து பள்ளி திறந்து பத்து நாள் ஆகியிருக்கும். வடசென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் சாயங்காலம் ஆறு மணிக்கு டியூஷன். அன்றைக்குப் பிள்ளைகள் படியேறி வருகிற சத்தத்திலேயே தெரிந்துவிடும், கார்டு கொடுத்துவிட்டார்கள் என்று. ஒரு பிள்ளை மட்டும் பையை மடியிலிருந்து இறக்காது. கடைசியில் எல்லாரும் போன பிறகு மெதுவாகக் கேட்கும்: "மிஸ், நீங்களே கையெழுத்து போட்டுத் தர்றீங்களா?" பதிமூன்று வருஷமாக வருஷத்துக்கு ஒரு பிள்ளையாவது என்னிடம் இதைக் கேட்டிருக்கிறது.

நான் சொல்லப் போவதெல்லாம் தவறு செய்து கற்றதுதான். என் மகன் ஏழாவது படிக்கும்போது முதல் பருவத்தில் கணக்கில் 38 எடுத்தான். அவன் அப்பாவுக்கு அன்று துறைமுகத்தில் நைட் ஷிஃப்ட். நான் கார்டைப் பிடுங்கிப் பார்த்தேன், முதுகில் ஒன்று வைத்தேன், பக்கத்துப் போர்ஷன் வரை கேட்கிற மாதிரி கத்தினேன். அடுத்த பருவத்தில் கார்டு என் கைக்கே வரவில்லை. வகுப்பு ஆசிரியர் கூப்பிட்டு அனுப்பித்தான் பார்த்தேன்: இரண்டாம் பருவக் கட்டத்தில் என் கையெழுத்து. நான் கடைசி எழுத்தில் போடும் சுழி உட்பட அப்படியே இருந்தது. அந்தச் சுழியைப் பழக அவன் எத்தனை தாள் எழுதிப் பார்த்திருப்பான் என்று நினைத்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அதனால் கார்டு வரும் நாளில் பெற்றோருக்கு ஒரே ஒரு இலக்கு போதும். அடுத்த கார்டையும் பிள்ளை தானாகவே கொண்டு வந்து நீட்ட வேண்டும். கீழே உள்ள எல்லாப் படிகளும் அதை வைத்துத்தான்.

படி 1: முதல் ராத்திரி எதையும் தீர்மானிக்காதீர்கள்

கார்டை இரண்டு கையாலும் வாங்குங்கள். முழுசாக ஒரு தடவை படியுங்கள். அப்புறம் இப்படிச் சொல்லுங்கள்: "கொண்டு வந்து குடுத்தியே, நல்லது. போய்ச் சாப்பிடு. ஞாயித்துக்கிழமை உக்காந்து பாப்போம்." மார்க் 90 ஆனாலும் 29 ஆனாலும் இதே வார்த்தைதான், இதே குரல்தான்.

இது செல்லம் கொடுப்பதற்காகச் சொல்வதில்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 2015-16 கல்வியாண்டுப் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 5 முதல் 11 வயதுப் பிள்ளைகள் வீட்டில் அடிபட்டதாக உறுதியான சம்பவங்களை, கார்டு கொடுத்த நாட்களோடு பொருத்திப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை கார்டு கொடுத்திருந்தால், மறுநாள் சனிக்கிழமை அந்தச் சம்பவங்கள் ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தன. வாரத்தின் மற்ற நாட்களில் கொடுத்தபோது அப்படி ஏறவில்லை. நம் ஊரிலும் வாரக் கடைசியில் கார்டு வந்தால் நீங்கள் கூடுதல் கவனமாக இருங்கள். கோபம் உச்சத்தில் இருப்பது முதல் சில மணி நேரம்தான். ஒரு ராத்திரி தள்ளிப்போட்டாலே பாதி சண்டை நடக்காது.

நம் பக்கத்து வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. அப்பா காசிமேட்டில் போட் ஏறிப் போயிருப்பார், அல்லது எண்ணூர் பக்கம் ஷிஃப்டில் இருப்பார். அவர் வரும்வரை "இரு, உங்கப்பா வரட்டும்" என்று பிள்ளையை மிரட்டி வைப்பார்கள். அந்தக் காத்திருப்பு அடியை விடக் கொடுமை. நாலைந்து நாள் கடலில் இருந்துவிட்டு வரும் அப்பாவைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டிய பிள்ளை, கதவுச் சத்தம் கேட்டதும் ஒளிந்துகொள்ளும். அம்மா முன்கூட்டியே அவரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள், மார்க்கையும் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை பேசப்போகிறோம் என்பதையும் சொல்லுங்கள். ஆயா, சித்தப்பா, மாமா யாருக்கும் அன்றே போன் போட வேண்டாம்.

கையெழுத்தை அன்றைக்கோ மறுநாள் காலையிலோ போட்டுக் கொடுத்துவிடுங்கள். "சரியாப் படிக்கிறேன்னு சொன்னாத்தான் கையெழுத்து" என்று பிடித்து வைத்தால் பிள்ளைக்கு வகுப்பில் இரண்டாவது அவமானம். கொடுப்பதற்கு முன் போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: கார்டில் மொத்தத்தைத் தவிர மற்றதைப் படியுங்கள்

நாம் பார்ப்பது மொத்தமும் ரேங்க்கும் மட்டும்தான். ரேங்க்கை நான் பார்க்கவே வேண்டாம் என்பேன். பக்கத்துப் பிள்ளைகள் எப்படி எழுதினார்கள் என்பதைத்தான் அது சொல்லும். பத்தாவது, பன்னிரண்டாவதிலேயே மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதைத் தமிழக அரசு 2017-ல் நிறுத்திவிட்டது. ஆறாவது படிக்கும் பிள்ளைக்கு நாம் ஏன் அதைத் தூக்கிச் சுமக்க வேண்டும்?

முதலில் வருகைப் பதிவைப் பாருங்கள். எத்தனை நாள் பள்ளி, பிள்ளை எத்தனை நாள் போயிருக்கிறது? காய்ச்சல், ஊருக்குப் போனது, தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தியது எல்லாம் அதில் இருக்கும். பதினைந்து நாள் போகாத பிள்ளைக்கு அந்தப் பதினைந்து நாள் பாடம் தெரியாது. அதற்கு அவனைத் திட்டி என்ன பயன்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் நம் தெருக்களில் தண்ணீர் நின்றது. எண்ணூரில் எண்ணெயும் சேர்ந்து வீட்டுக்குள் வந்தது. அந்த அரையாண்டுப் பரீட்சையையே தள்ளி வைத்துத்தான் நடத்தினார்கள். புத்தகம் நனைந்துபோன பிள்ளைகளின் அந்த மார்க்கை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்று அப்போதே பெற்றோரிடம் சொன்னேன்.

சின்ன வகுப்புகளில் பருவ முறை இருக்கும் பள்ளிகளில், ஒரு பாடத்துக்கு 100 என்பது இரண்டு துண்டு: வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. முதலாவது வகுப்பிலேயே செய்யும் செயல்பாடு, ப்ராஜெக்ட், சின்ன டெஸ்ட். இரண்டாவது பருவக் கடைசியில் எழுதும் பரீட்சை. ஒரு பிள்ளை 57 எடுத்திருக்கிறது என்று வையுங்கள், பரவாயில்லை என்றுதான் தோன்றும். பிரித்துப் பார்த்தால் 40-க்கு 36, 60-க்கு 21. ப்ராஜெக்டை அக்காவும் ஸ்டேஷனரி கடையும் சேர்ந்து செய்து கொடுத்திருக்கலாம். தனியாக உட்கார்ந்து எழுதியபோது மூன்றில் ஒரு பங்கு வந்திருக்கிறது. 36-ம் 21-ம் இருக்கும் கார்டும், 22-ம் 35-ம் இருக்கும் கார்டும் மொத்தத்தில் ஒன்றுதான். இரண்டு பிள்ளைகளுக்கும் தேவைப்படும் உதவி வேறு வேறு.

மாநிலப் பாடத்திட்டத்தில் எட்டாவது வரை ஃபெயில் போடுவதில்லை. அது நல்ல விஷயம்தான். ஆனால் அதை நம்பிக் கார்டையே திறந்து பார்க்காத வீடுகள் உண்டு. ஆறாவதில் கழித்தலில் தடுமாறிய பிள்ளை ஒன்பதாவதில் ஒரேயடியாக விழும்போது, "திடீர்னு படிப்பு ஏறலை மிஸ்" என்று வந்து நிற்பார்கள். அதில் திடீர் என்று ஒன்றுமே கிடையாது.

படி 3: விடைத்தாளை விரித்து வையுங்கள்

நேரம் இல்லையென்றால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள், இதை மட்டும் விடாதீர்கள். மார்க் எவ்வளவு என்பது கார்டில் இருக்கிறது; எங்கே போனது என்பது பேப்பரில்தான் இருக்கிறது. வகுப்பில் பேப்பர் கொடுத்திருப்பார்கள். திருப்பி வாங்கியிருந்தால், ஒரு ராத்திரிக்கு வீட்டுக்குக் கொடுத்து அனுப்பும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். கேள்வித்தாளையும் சேர்த்து வாங்குங்கள்.

போன வருஷம் என்னிடம் வந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் காலாண்டு கணக்குப் பேப்பரைச் சொல்கிறேன். 100-க்கு 41. அவள் அம்மா எம்.சி. ரோட்டில் துணிக்கடையில் நிற்கிறவர். "கணக்கே வராது மிஸ் இதுக்கு, என்னை மாதிரி" என்றார். மூவரும் பாயில் உட்கார்ந்து, போன 59 மார்க்கையும் மூன்று குவியலாகப் பிரித்தோம்.

எழுதவே எழுதாதது: 26. தெரிந்தும் தப்பாய்ப் போனது: 14. பாடமே புரியாதது: 19.

புரியாத குவியல் மூன்றில் ஒரு பங்குதான். அதைப் பார்த்ததுமே அந்த அம்மா முகம் மாறியது. தெரிந்தும் போன 14-ல் பெரும்பாலும் ஒரே தப்பு, குறி மாறியது. கழித்தல் ஐந்திலிருந்து மூன்றைக் கழித்து, கழித்தல் இரண்டு என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தாள். வரவேண்டியது கழித்தல் எட்டு. மூன்று தனித்தனிக் கணக்கு, ஆனால் ஒரே ஓட்டை. ஒரு வாரம் தினம் பத்து சின்னக் கணக்குப் போட்டால் அடைபடும்.

எழுதாத 26-ல் ஐந்து மார்க் கேள்வி இரண்டு, எட்டு மார்க் கேள்வி இரண்டு. ஐந்து மார்க் இரண்டுக்கும் நேரம் போதவில்லை. எட்டு மார்க்கில் ஒன்று வரைபடம், அதற்கும் நேரமில்லை. இன்னொன்று வடிவியல், முக்கோணத்துக்குச் செங்கோட்டு மையம் வரைய வேண்டும். வகுப்பு நோட்டில் அதே படத்தை அழகாக வரைந்திருக்கிறாள். "பின்ன ஏன்டி விட்டே?" என்றார் அம்மா. பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னாள்: ஜாமெட்ரி பாக்ஸில் காம்பஸ் இல்லை. ஜூலையிலேயே தொலைந்துவிட்டது. புதுசு வாங்கிய ஒரே மாதத்தில் தொலைத்ததால் திட்டு விழும் என்று சொல்லவில்லை. வகுப்பில் பக்கத்துப் பெண்ணிடம் வாங்கி வரைந்துவிடுவாள். பரீட்சையில் வாங்க முடியாது.

கார்டில் இருந்த 41-ஐ எவ்வளவு நேரம் முறைத்துப் பார்த்தாலும் இந்தக் காம்பஸ் தெரிந்திருக்காது.

மற்ற பாடங்களுக்கும் இதே மூன்று குவியல்தான். சமூக அறிவியலில் எழுதாதது அதிகமாக இருக்கும், கை மெதுவாக எழுதும் பிள்ளைகளுக்கு. ஆங்கிலத்தில் ஸ்பெல்லிங் ஒரு பக்கம், கேள்வியே புரியாதது இன்னொரு பக்கம். ஒன் வேர்டு முழுக்கச் சரி, பெரிய கேள்விகள் காலி என்றால் மனப்பாடம் மட்டும் நடந்திருக்கிறது என்று அர்த்தம். உங்களுக்கு அந்தப் பாடம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எழுதியிருக்கிறதா, பாதியில் நிற்கிறதா, சிவப்பு மை எங்கே விழுந்திருக்கிறது என்று பார்க்கக் கண் இருந்தால் போதும். கூட்டலையும் ஒரு தடவை சரிபாருங்கள், ஆசிரியர்களுக்கும் அறுபது பேப்பர் திருத்தினால் கை தவறும்.

படி 4: பிள்ளையைப் பேசவிடுங்கள்

"ஏன் மார்க் குறைஞ்சுது?" என்று கேட்டால் எந்தப் பிள்ளைக்கும் பதில் தெரியாது. "இனிமே நல்லா படிக்கிறேன்" என்று ஒப்பிக்கும், விஷயம் அங்கேயே முடிந்துவிடும். சின்னதாக, பதில் சொல்லக்கூடியதாகக் கேளுங்கள். இந்தப் பேப்பர்ல எந்தக் கேள்வி எழுதும்போது சந்தோஷமா இருந்துச்சு? எந்த இடத்துல மாட்டினே? எந்த க்ளாஸ்ல டவுட் கேக்கத் தயக்கமா இருக்கு? கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். காம்பஸ் கதை வெளியே வர எங்களுக்கு முழுசாக ஐந்து நிமிஷம் ஆனது.

பேசும்போது டிவி ஓடக்கூடாது, தம்பி தங்கை பக்கத்தில் இருக்கக்கூடாது. ஒற்றை ரூம் வீட்டில் அது எப்படி முடியும் என்று கேட்பீர்கள். மொட்டை மாடி இருக்கிறது. திருவொற்றியூர் பக்கம் என்றால் கடற்கரை ஓரமாக நடந்துகொண்டே பேசலாம். எதிரெதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்ப்பதை விட, பக்கத்தில் நடக்கும்போது பிள்ளைகள் சுலபமாக வாய் திறக்கின்றன.

படி 5: மார்க்குக்குப் பின்னால் உடம்பும் மனசும்

எல்லாப் பாடத்திலும் ஒரே சமயத்தில் மார்க் இறங்கினால், படிப்பைத் தாண்டி யோசியுங்கள். போர்டில் இருப்பதைப் பார்த்து எழுதுவதில் மட்டும் தப்பு வருகிறதா? கண் பரிசோதனை செய்யுங்கள், ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. வாயால் கேட்டால் பதில் சொல்கிறது, எழுதச் சொன்னால் எழுத்துகள் இடம் மாறுகின்றன, வயசுக்கு வாசிக்க வரவில்லை என்றால் அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். அடித்தால் தீராது, அதட்டினால் கூடும். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் காட்டலாம். முறையான சான்று இருந்தால் பொதுத்தேர்விலேயே கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு. இதைச் சொன்னால் "எம் புள்ளைக்கு அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல" என்று கோபித்துக்கொண்டு டியூஷனை நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அந்த இடத்தில் கௌரவம் பார்க்காதீர்கள்.

ஐந்தாவது வரை தமிழ் வழியில் படித்துவிட்டு ஆறாவதில் ஆங்கில வழிக்கு மாறிய பிள்ளைக்கு முதல் வருஷம் மார்க் விழுவது சகஜம். பாடம் தெரிந்தும் சொல் தெரியாமல் நிற்கும். அந்தப் பாடத்தைத் தமிழில் ஒரு தடவை வீட்டில் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். சரியாகச் சொன்னால் கவலையே வேண்டாம், ஆங்கிலச் சொற்களைப் பழக்கினால் போதும்.

படி 6: ஆசிரியரைப் பாருங்கள்

பேரன்ட்ஸ் மீட்டிங்கில் வரிசையில் நின்று, "நல்லா திட்டுங்க மிஸ், அடிச்சாக்கூட நான் கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். பிள்ளை பக்கத்தில்தான் நிற்கும். பள்ளியில் அடிப்பதும் மனம் நோகச் செய்வதும் 2009 கல்வி உரிமைச் சட்டப்படியே தடை. நீங்களே அதற்கு அனுமதிச் சீட்டு கொடுக்க வேண்டாம்.

விடைத்தாளைக் கையில் கொண்டு போங்கள். இரண்டு கேள்வி போதும். "இவ இந்த இடத்துல தப்பு பண்றா மிஸ், க்ளாஸ்லயும் இப்படித்தானா?" "ரெண்டு மாசத்துல ஒரே ஒரு விஷயம் சரி பண்ணணும்னா எதை முதல்ல எடுக்கலாம்?" பேப்பரோடு வந்த பெற்றோரிடம் ஆசிரியர்கள் பேசும் விதமே வேறாக இருக்கும். கூட்டமான நாளில் முடியாவிட்டால் இன்னொரு நாள் பத்து நிமிஷம் கேளுங்கள். லீவு போட முடியாத அம்மாக்கள் போனில் பேசலாம், தப்பில்லை.

படி 7: ஒரு பாடம், ஒரு ஓட்டை, ஆறு வாரம்

கார்டு வந்த மறுநாள் டியூஷனில் சேர்ப்பதும், போனைப் பிடுங்குவதும், கேரம் போர்டைப் பரண் மேல் ஏற்றுவதும்தான் நம் வழக்கம். டியூஷன் நடத்துகிற நானே சொல்கிறேன், அவசரப்பட்டு டியூஷனில் சேர்க்காதீர்கள். முதல் மூன்று படியும் முடித்த பிறகும் 'பாடமே புரியாதது' குவியல் பெரிசாக இருந்தால் மட்டும் சேருங்கள்.

விளையாட்டை நிறுத்த வேண்டாம். புது வண்ணாரப்பேட்டையின் காசிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கியது நம் தெருக்களுக்கே தெரியும். எல்லாப் பிள்ளையும் அப்படி ஆக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. வியாசர்பாடியில் ஒரு மணி நேரம் ஃபுட்பால் ஆடிவிட்டு வரும் பையன், அடைத்து வைத்த பையனை விட நன்றாக உட்கார்ந்து படிப்பதை நான் கண்ணால் பார்க்கிறேன். நேரத்தை வேண்டுமானால் பேசி முடிவு செய்யுங்கள்.

ஒரு தாளில் மூன்றே வரி எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், பிள்ளையே எழுதட்டும். எந்தப் பாடம், எந்த ஓட்டை, தினம் என்ன செய்வேன். அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் எழுதியது: "கணக்கு. குறி தப்பு. தினம் பத்து கணக்கு, சனிக்கிழமை கடிகாரம் வெச்சு பழைய பேப்பர்." அடியில் அவள் அம்மா, "காம்பஸ் வாங்கணும்" என்று எழுதினார். பெற்றோர் பக்கத்து வேலையும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். சாயங்காலம் ஏழிலிருந்து எட்டு டிவி போடமாட்டோம், கடைக்கு அனுப்பமாட்டோம் என்பது மாதிரி.

படிக்கும் முறையில் ஒரே ஒரு மாற்றம் சொல்கிறேன். திரும்பத் திரும்ப வாசிப்பதை விட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது நீண்ட நாள் நிற்கும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எழுத்து தெரியாத ஆயா கூட இதற்கு உதவ முடியும். புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, "என்னா படிச்சே, எனக்குச் சொல்லு" என்றால் போதும்.

படி 8: நல்ல மார்க் வந்தாலும் வழிகாட்டி வேண்டும்

98 எடுத்த பிள்ளையிடம் "அந்த ரெண்டு மார்க் எங்க?" என்று கேட்கிறோமே, அது விளையாட்டாகக் கேட்டாலும் தங்கிவிடும். "நீ பெரிய அறிவாளி" என்பதும் உதவாது. உளவியலாளர்கள் மியூலரும் டுவெக்கும் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், புத்திசாலி என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் ஒரு முறை சறுக்கியதும் சீக்கிரம் சோர்ந்தார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் தாக்குப்பிடித்தார்கள். பார்த்ததைச் சொல்லுங்கள்: "தினம் காலைல எழுந்து போட்டியே, அதான் இந்தப் பக்கத்துல ஒரு அடித்தல் திருத்தல் இல்ல." மார்க்குக்கு இவ்வளவு ரூபாய் என்று பேரம் வேண்டாம். பிரியாணி வாங்கினால் எல்லாருமாகச் சாப்பிடுங்கள், குறைந்த மார்க் வாங்கிய தம்பியும் சேர்ந்து.

குழாயடியிலோ மாடிப்படியிலோ "உம் புள்ள எவ்ளோ?" என்று கேட்பார்கள். "படிக்கிறான் அக்கா, நாங்க பாத்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டு நகருங்கள். பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

பத்தாவது, பன்னிரண்டாவது வீடுகளுக்கு

அரையாண்டு கார்டு ஜனவரியில் வரும்போது பொதுத்தேர்வுக்கு இரண்டு மூன்று மாதம்தான் இருக்கும். பாஸ் மார்க் 35. பத்தாவது அறிவியலில் 25 மார்க் செய்முறைக்கு. மீதி 75-க்கு எழுத்துத் தேர்வில் குறைந்தது 20 எடுத்தாக வேண்டும், இது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. ரிசல்ட்டில் ஒரு பாடம் போனாலும் அதே வருஷமே துணைத்தேர்வு உண்டு. வடசென்னையிலேயே அரசு ஐடிஐ இருக்கிறது. இதையெல்லாம் ரிசல்ட்டுக்கு முன்பே பிள்ளையிடம் சொல்லி வையுங்கள். அப்புறம் சொன்னால் காதில் ஏறாது.

சாப்பிடாமல், தூங்காமல், "நான் இல்லாட்டி நல்லாயிருக்கும்" என்பது மாதிரி பேசினால் மார்க் பேச்சை அந்த நிமிஷமே நிறுத்துங்கள். தனியாக விடாதீர்கள். அரசு மருத்துவ உதவி எண் 104-க்கு எந்நேரமும் கூப்பிடலாம். பிள்ளைகளே பேச குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. படிப்பு சம்பந்தமான சந்தேகங்களுக்குப் பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண் 14417.

கடைசியாக, ஒரு கோப்பு

கார்டு போட்டோவையும் விடைத்தாள்களையும் சுவரில் ஒட்டிய தாளையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு உயரமான இடத்தில் வையுங்கள். நம் பக்கம் மழைக்காலம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்த கார்டு வரும்போது அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாமல் இந்தக் கவரோடு ஒப்பிடுங்கள்.

என் மகனின் கவரில் அந்த ஏழாம் வகுப்புக் கார்டும் இருக்கிறது. முதல் பருவத்தில் என் கையெழுத்து. இரண்டாம் பருவத்தில் அவன் போட்ட என் கையெழுத்து, அதன் கீழேயே ஆசிரியர் முன்னால் நான் போட்டது. மூன்றாம் பருவத்தில் கணக்கு 44. அந்தக் கார்டை அவன் பள்ளிவிட்டு வந்ததும், ஷூவைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்கே கொண்டு வந்து கொடுத்தான்.